காலி நாற்காலிக்கு ஒரு பெயர்

மாலை மூன்றரை மணி.

ஆமாம், மாலைதான். சிரிக்காதீர்கள். நடுராத்திரி ஆனால்தான் பேய் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? டிசம்பர் கடைசியில் நம் லூப்ளின் நகரத்துப் பக்கம் மூன்றரைக்கே இருட்டிவிடும். அதுவும் ஊருக்கு வெளியே, அந்த அலுவலக வளாகத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகிற சாலை இருக்கிறதே... ஒரு பக்கம் முழுக்க, ஊர்க்காரர்களுக்குத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்த தோட்டங்கள். வெயில் காலத்தில் ஊர்க்காரர்கள் தக்காளி போடுவார்கள், கறி சுடுவார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சண்டை பிடிப்பார்கள். குளிர்காலத்தில் ஒரு ஆள் இருக்க மாட்டார். பூட்டிய குடில்கள், துருப்பிடித்த கம்பிக் கதவுகள். இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. வெறும் வயல், அதன் மேல் பனி.

அந்தச் சாலையில் ஒரு பெண் தனியாக நடக்கிறாள். காலடிச் சத்தம் கேட்கிறது. கறுக்... கறுக்... கறுக்... உறைந்த பனியில் பூட்ஸ் பதிகிற சத்தம்.

பின்னால் கேட்டிருந்தால் ஓடியிருப்பாள். அது அவளுக்கு முன்னால் கேட்டது.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் வரும்போது வரட்டும். இது என் தோழி மர்ஷெனாவின் பெரியம்மா வீட்டில் நடந்தது. அந்தப் பெரியம்மாவின் மகள் இர்மினா. நாற்பது வயதுக்குக் கொஞ்சம் கீழே, கல்யாணம் ஆகவில்லை, அம்மாவோடுதான் இருந்தாள். வேலை, ஒரு பெரிய குளிர்பதனக் கம்பெனியின் கணக்கு மையத்தில். ஐரோப்பா முழுக்க அந்தக் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறவர்கள், பெட்டி செய்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள் அனுப்புகிற பில் எல்லாம் லூப்ளினுக்குத்தான் வரும். முன்பு ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து பார்த்த வேலை. பிறகு மென்பொருள் வந்தது. ஆர்டரும், சரக்கு வந்து சேர்ந்த தகவலும், பில்லும் ஒன்றோடொன்று பொருந்தினால் அதுவே பணத்தை அனுப்பிவிடும். பொருந்தாத பில்லை மட்டும் மனிதர்கள் பார்த்தால் போதும்.

அந்த மனிதர்களுக்குத்தான் நாலு கண் விதி. ஒருவர் பில்லை ஏற்ற வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்யக்கூடாது. திருட்டுத்தனம் நடக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. சிஸ்டத்தில் இதை அமைக்கும் பொறுப்பு இர்மினாவுடையது. அவள் ரொம்பக் கறார். முதல் நாற்காலி, இரண்டாவது நாற்காலி என்று பெயர் வைத்தாள். இரண்டில் எதுவும் காலியாக இருக்கக்கூடாது. ஒரே ஆள் இரண்டிலும் உட்காரக்கூடாது. காரணம் எழுதாமல் பில்லைத் திருப்பக்கூடாது. மூன்றும் அவள் போட்ட விதிகள். அவளாலேயே மீற முடியாதபடி பூட்டி வைத்திருந்தாள், பெருமையாக.

இப்போது அவள் செய்த தவற்றுக்கு வருகிறேன். நம் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தவறு செய்ய மாட்டார்கள்.

இந்தச் சம்பவத்துக்கு முந்தைய வருடம், சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முன் வாரம். பக்கத்து அறையில் அலுவலக விருந்து, பீட்ரூட் சூப் வாசனை மூக்கைத் துளைக்கிறது. ஓல்கெர்த் என்று ஒரு பையன், சிஸ்டத்தை அமைத்துக் கொடுத்தவன், கடைசி வேலையில் மாட்டிக்கொண்டு முழித்தான்.

"ரெண்டாவது நாற்காலிக்கு ஆள் பேரு கேக்குது. காலியா விட்டா சேவ் ஆக மாட்டேங்குது. உன் விதிதான், நீயே பதில் சொல்லு."

"யார் பேரையாவது போட்டுத் தொலையேன். சூப் ஆறுது."

"யார் பேர?"

இர்மினா சிரித்தாள். "காலி நாற்காலின்னா நம்ம ஊர்ல யாருக்கு? விருந்தாளின்னு போடு."

உங்களுக்குத் தெரியாததா? கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்போம். வழி தப்பி வருகிற யாரோ ஒருவருக்கு. வந்தால் திருப்பி அனுப்பக்கூடாது. யாரும் வருவதில்லை என்பது வேறு விஷயம். ஓல்கெர்த்துக்கும் அந்த வேடிக்கை பிடித்துவிட்டது. 'விருந்தாளி' என்று ஒரு பயனரை உருவாக்கினான். கடவுச்சொல் இல்லை, மின்னஞ்சல் இல்லை, ஆளே இல்லை. சேவ் ஆனது. இரண்டு பேரும் சூப் குடிக்கப் போய்விட்டார்கள்.

சிஸ்டம் நிஜமாகவே ஓடத் தொடங்கியபோது அந்தப் பெயரை நீக்கிவிட்டதாக ஓல்கெர்த் நினைத்தான். அவன் நீக்கியிருப்பான் என்று இர்மினா நினைத்தாள். நினைத்துக்கொண்டே, எல்லா நாற்காலியிலும் உயிருள்ள மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வருடம் ஒரு குறையும் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வந்தது. அப்போதெல்லாம் அது விடுமுறை இல்லை. ஆனாலும் எல்லோரும் லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இர்மினா மட்டும் இருந்தாள். சொந்த லாரி வைத்து ஓட்டுகிறவர்களின் பில்கள் பொருந்தாமல் தேங்கிக் கிடந்தன. மூன்று மணிக்குள் அனுப்பினால்தான் வங்கி ஏற்கும், விட்டால் பண்டிகை முடிய வேண்டும். காலையிலிருந்து ஒரு லாரிக்காரர் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். "தாயி, புண்ணியமாப் போகும்... பசங்க வழியப் பாத்துட்டு உக்காந்திருக்கு."

மத்தியானம் அவள் அம்மாவும் போன் செய்தாள்.

"மீன் வறுக்கப் போறேன். எப்ப வர்ற?"

"வந்துடுவேன்மா. கொஞ்சம் பில்லுதான்."

"மொத நட்சத்திரம் தெரிஞ்சதும் மேசைக்கு உக்காரணும், அதுக்குள்ள வந்துடு. நீ வராம அப்பத்தப் பிக்க மாட்டேன். உன் எடத்துல யாரையும் உக்கார விட மாட்டேன், வந்து சேரு."

அப்பா போன பிறகு வருகிற முதல் கிறிஸ்துமஸ் அது. இர்மினா எப்படியும் போய்ச் சேர்ந்தாக வேண்டும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் பில்களை ஏற்றினாள். இரண்டாவது நாற்காலியில் இருக்க வேண்டியவர்கள் எல்லோரும் லீவில். அப்படி இருந்தால் சிஸ்டமே மாற்று ஆளைத் தேடி அவரிடம் பில்லை அனுப்பும். அனுப்பியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை... எல்லா பில்லும் திரும்பி வந்தது.

திருப்பியவர்: விருந்தாளி.

காரணம்: வெளிய குளிருது.

ஓல்கெர்த்தின் விளையாட்டு என்றுதான் அவள் நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அனுப்பினாள். மறுபடி திரும்பியது.

காரணம்: கதவு பூட்டியிருக்கு.

போனை எடுத்தாள். ஓல்கெர்த் மாமனார் வீட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்தான். பின்னால் குழந்தைகளின் கூச்சல்.

"டேய், இன்னிக்கு உனக்கு வெளையாட ஒண்ணும் கெடைக்கலையா?"

"என்ன வெளையாட்டு? நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன்."

"விருந்தாளி பேருல உக்காந்து பில்லத் திருப்பிட்டு இருக்கியே, அது."

வண்டியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அந்தப் பேரு இன்னும் இருக்கா?" என்றான்.

"இருக்கு. எழுதுது."

"எழுத முடியாது, இர்மினா. அதுக்குப் பாஸ்வேர்டே நான் வெக்கல. யாரும் அதுக்குள்ள போக முடியாது. நானே போக முடியாது."

"அப்ப இத யாரு எழுதறா?"

குழந்தைகளைச் சும்மா இருக்கச் சொன்னான். அவை சும்மா இருந்தன. "பில்லு கெடக்கட்டும். நீ வீட்டுக்குக் கெளம்பு. அதுக்குப் பதில் எதுவும் குடுக்காத, என்ன? நான் சொல்றது கேக்குதா? எதுவும் குடு..." லைன் அறுந்துவிட்டது.

அப்போதே கிளம்பியிருக்கலாம். நானாக இருந்தால் கோட்டைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பேன். ஆனால் இர்மினாவுக்குப் பயத்தைவிட மானம் பெரிது. வருடம் பிறந்ததும் தணிக்கைக்காரர்கள் வருவார்கள். ஆள் இல்லாத பெயர் ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது, கீழே அவள் கையெழுத்து. லாரிக்காரர் வேறு மறுபடி கூப்பிடுகிறார். கண்ணாடிக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தும் அவள் விரல்கள் விறைத்தன. எங்கிருந்தோ நனைந்த கம்பளி வாசனை. மழையில் நனைந்தவர் பக்கத்தில் வந்து நின்றால் வருமே, அந்த வாசனை...

மூன்றாவது முறை அனுப்பினாள்.

காரணம்: இது எடம் இல்ல. சும்மா பேருக்கு வெச்சது.

அதைப் படித்ததும் அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அது பொய் இல்லையே. தட்டு வைக்கிறோம். யாராவது நிஜமாகவே வந்து உட்காருவார்கள் என்று நினைத்தா வைக்கிறோம்?

சரி, இந்தப் பெயரைத் தூக்கிவிடுவோம் என்று முடிவெடுத்தாள். இரண்டாவது நாற்காலியிலிருந்து விருந்தாளியை நீக்கினாள். சிஸ்டம் ஏற்கவில்லை. நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. தன் பெயரைப் போட்டாள். ஏற்கவில்லை. அவள் ஏற்கெனவே முதல் நாற்காலியில் இருக்கிறாள், ஒரே ஆள் இரண்டில் உட்காரக்கூடாது. எல்லாம் அவளே போட்ட பூட்டு. அன்றைக்கு வேலையில் இருப்பதாக சிஸ்டம் காட்டியது இரண்டே பெயர்கள். இர்மினா. விருந்தாளி.

மணி மூன்று ஆகப்போகிறது. ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவள் இரண்டாவது நாற்காலிக்கு மாற வேண்டும். அவளுடைய நாற்காலியை விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு மட்டும். பில் போனதும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

மாற்றினாள். 'நிச்சயமாகவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

எல்லா பில்களும் ஒப்புதலாகி ஒரே மூச்சில் பச்சையாகின. வங்கிக்குப் போய்விட்டன. அப்பாடா என்று எழுந்து கோட்டை எடுக்கத் திரும்பினாள்.

பின்னால், அவள் நாற்காலி... உஸ்ஸ்ஸ்.

சுழல் நாற்காலியில் யாராவது உட்கார்ந்தால் காற்று இறங்குமே, அந்தச் சத்தம். திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. நாற்காலி கொஞ்சம் தாழ்ந்திருந்தது. திரையில் ஒரு வரி வந்திருந்தது.

நன்றி. சாப்பாடு எத்தனை மணிக்கு?

நின்ற நிலையிலேயே பெயர்களைத் திரும்ப மாற்றப் பார்த்தாள். உங்களுக்கு இதற்கு அனுமதி இல்லை என்றது. திரையின் மூலையில் எப்போதும் அவள் படம் இருக்கும். அங்கே இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் தலை. பண்டிகை முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாளாம், அந்தக் காலி அறையில். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கீழே வாசலில் அவள் அட்டை வேலை செய்யவில்லை. சிவப்பு விளக்கு. காவலாளி ஸ்பிஷெக் எட்டிப் பார்த்தார். ஏழு வருடமாகத் தினமும் வணக்கம் சொல்கிற மனிதர்.

"யாரப் பாக்க வந்தீங்க மேடம்?"

"ஸ்பிஷெக், வெளையாடாதீங்க. நேரமாச்சு."

அவர் விளையாடவில்லை. "பார்வையாளர் அட்டை எங்க? சரி போங்க, பண்டிகை நாளு... எல்லாரும் போயாச்சு. இர்மினா மேடம்தான் கடைசி, இப்பத்தான் போனாங்க."

இப்போது அந்தச் சாலைக்கு வருவோம். மூன்றரை மணி. பூட்டிய தோட்டங்கள். பனி.

கறுக்... கறுக்... முன்னால், வளைவுக்கு அப்பால். இவள் நின்றால் அதுவும் நிற்கிறது. இவள் நடந்தால் நடக்கிறது. காற்று எதிரே வீசியது. அதில் ஆரஞ்சுத் தோல் வாசனை வந்தது. இர்மினா கைக்குப் பூசுகிற க்ரீமின் வாசனை. தன் கையை முகர்ந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை.

குனிந்து கைபேசி வெளிச்சத்தில் தரையைப் பார்த்தாள். பனியில் ஒரே ஆளின் தடம்தான் முன்னால் போய்க்கொண்டிருந்தது. இடது குதிகால் ஓரமாகத் தேய்ந்த பூட்ஸ். அவளுடையது இடது பக்கம்தான் தேய்ந்திருக்கும். செருப்பு தைப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்று இலையுதிர் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நிறுத்தத்திலிருந்து கிளம்பிய பஸ் எதிரே வந்து அவளைக் கடந்து போனது. கை காட்டினாள், நிற்கவில்லை. ஆவி படிந்த ஜன்னலில் ஒரு பெண்ணின் தோள் தெரிந்தது. சிவப்புக் கழுத்துத் துண்டு. இர்மினா தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் கழுத்து, காலையில் சுற்றிய துண்டைக் காணோம்.

அதுதான் அன்றைய கடைசி பஸ். முழு ஊரையும் நடந்தே கடந்தாள். வழியெல்லாம் ஜன்னல்களில் மெழுகுவத்தி, உள்ளே பாட்டு, மீன் வறுக்கிற வாசனை. அம்மாவுக்குப் போன் செய்து பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அடுக்குமாடி வீட்டின் கீழ்வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நட்சத்திரங்கள் எப்போதோ வந்துவிட்டிருந்தன. சாவி பூட்டில் திரும்பவில்லை. அழைப்பு மணியை அழுத்தினாள்.

"யாரு?" அம்மாவின் குரல், வாசல் பேசியின் கம்பி வழியே.

"நான்தாம்மா."

"யாரு?"

"இர்மினாம்மா. தெறம்மா, கை விறைக்குது."

உள்ளே தட்டுகளின் சத்தம். யாரோ சிரிக்கிறார்கள். பிறகு அம்மா, கொஞ்சம் தயங்கி, மரியாதையாக: "இர்மினா இங்கதாங்க இருக்கா. அப்பவே வந்துட்டா. நீங்க யாரு?"

இர்மினா கம்பியில் நெற்றியைச் சாய்த்தாள். அழுதாள். அந்த அழுகை கம்பி வழியே மேலே கேட்டிருக்க வேண்டும்.

"சரி சரி, அழாதீங்க. யாரா இருந்தா என்ன? இன்னிக்கு யாரையும் வாசல்ல நிக்க வெக்கக் கூடாது. மேல வாங்க."

கதவு திறந்தது.

மர்ஷெனா அன்று அந்த மேசையில் இருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். யாரோ ஒரு பெண் உள்ளே வந்தாளாம், உதடு நீலம் பாரித்து. எல்லோருக்கும் ஒரே பரபரப்பு, ஒருவகையில் சந்தோஷம்கூட. இத்தனை வருடம் தட்டு வைத்ததில் முதல் தடவையாக ஒருத்தி வந்திருக்கிறாளே! பெரியம்மா அவள் கோட்டை வாங்கி மாட்டினாள். மேசையில் சிவப்புக் கழுத்துத் துண்டோடு உட்கார்ந்திருந்த இர்மினா எழுந்து, காலித் தட்டுக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க. உங்களுக்காகத்தான் வெச்சிருக்கோம்."

வந்தவள் அந்த முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்தாளாம். சூப்பைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பில்கள், நாற்காலிகள், காவலாளி, சாலை, நான் இப்போது உங்களுக்குச் சொன்ன அத்தனையும். மர்ஷெனாவின் அப்பா, பாவம், மூளை கலங்கியிருக்கிறது என்று கண் காட்டினார். இர்மினா மட்டும் குறுக்கே பேசாமல் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "சூப் ஆறுது, சாப்பிடுங்க," என்றாள்.

ஒருவர் கையிலிருக்கும் மெல்லிய அப்பத்தில் இன்னொருவர் துண்டு பிட்டுக்கொண்டு வாழ்த்துச் சொல்லும் நேரம். பெரியம்மா எல்லோரிடமும் போய்விட்டு, கடைசியாக விருந்தாளியிடம் வந்தாள். அந்தப் பெண் ஒரு துண்டைப் பிட்டுக்கொண்டு அவள் காதில் ஏதோ சொன்னாள். பெரியம்மாவின் கையிலிருந்த அப்பம் நொறுங்கி விழுந்துவிட்டது. இர்மினா பக்கம் திரும்பினாள். மறுபடி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். என்ன சொன்னாள் என்று இன்றுவரை யாருக்கும் அவள் சொல்லவில்லை.

"நேரமாச்சு, அவங்க கெளம்பணும்," என்று இர்மினா கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வந்தவள் போய்விட்டாள். எங்கே போனாள் என்று தெரியாது. இர்மினா நன்றாக இருக்கிறாள். இப்போது அந்த மையத்துக்கே அவள்தான் தலைவி. தணிக்கையில் ஒரு குறையும் வரவில்லை.

ஆனால் அந்த வருடத்திலிருந்து பெரியம்மா மேசையில் இரண்டு காலித் தட்டு வைக்கிறாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. கை தானாக வைத்துவிடுகிறதாம். ஒவ்வொரு வருடமும் இர்மினா சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்து அலமாரியில் வைத்துவிடுகிறாள்.

முதல் நட்சத்திரம் வந்து கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு வருடமும், கீழே அழைப்பு மணி அடிக்கிறது.

பெரியம்மா எழப் பார்ப்பாள். இர்மினா அதற்குள் முந்திக்கொண்டு போய் வாசல் பேசியை எடுப்பாள். காதில் வைத்துக் கேட்பாள்... ரொம்ப நேரம் கேட்பாள், மர்ஷெனா சொல்கிறாள். பிறகு வைத்துவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்காருவாள். உஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்குமாம். அது மர நாற்காலி.

"யாரும் இல்லம்மா. நீ சாப்பிடு."